நாக்கு பட்ட ஜாடி

முசே லூயி சவரிராயன் எந்த ஜாடியையும் நக்கிப் பார்க்காமல் வாங்கியதில்லை. புதுச்சேரியில் கடலுக்கு ஒரு வீதி உள்ளே இருந்த அவருடைய வீட்டுக்கு விருந்துக்குப் போனவர்கள் எல்லாரும் அந்தக் கூத்தைப் பார்த்திருக்கிறார்கள். கொலம்பசு கப்பல் ஏறுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னால் பெரு நாட்டில் யாரோ சுட்டு வைத்த ஜாடி ஒன்றை வெல்வெட் பெட்டியிலிருந்து எடுப்பார். கைக்குழந்தையைப் போலப் புரட்டிப் பிடிப்பார். அடிப்பக்கத்தில் நாக்கு நுனியை வைத்து, கண்ணை மூடி, மூச்சை ஒருமுறை இழுப்பார். பிறகு விருந்தாளிகளைப் பார்த்து, "கல்லறை வாசனை. இது பொய் சொல்லாது" என்பார். எல்லாரும் கைதட்டுவார்கள். அருவருப்பாக இருந்தாலும் தட்டத்தான் வேண்டும், விஸ்கி அவருடையது.

சாயம் பூசிப் பழசாக்கிய போலி நனைந்தால் வெறும் தூசி வாடைதான் வரும், பிணத்தோடு படுத்திருந்த ஜாடி நனைந்தால் மண் விழித்துக்கொள்ளும் என்பது அவருடைய சித்தாந்தம். பழம்பானை சேர்க்கிறவர்கள் பலர் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற சோதனைதான். சவரிராயன் அதைக் கூடத்தின் நடுவில் நின்று செய்தார்.

அந்த நாக்கை நம்பித்தான் மர்செலின் தன் வயதின் நல்ல பகுதி முழுவதையும் ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்திருந்தாள்.

மர்செலினின் அண்ணன் பெயர் அமலோற்பவநாதன். ஊருக்கு அமலோர். சவரிராயனிடம் சம்பளத்துக்கு இருந்து, உடைந்த ஜாடிகளை ஒட்டிக் கொடுத்தவன். தங்கச்சியை மண்ணியல் படிக்க வைத்ததும் அந்தச் சம்பளம்தான். ஒருநாள் பெரு நாட்டுத் தூதரகம் ஒரு ஜாடியின் படத்தைக் காட்டிப் புகார் கொடுத்தது. தலைப்பாகை கட்டிய, ஒரு கண் மூடிப்போன மனிதனின் முகம் அந்த ஜாடி. உச்சந்தலையில் வளையம்போல் வளைந்த குழாய், அதன் மேல் வாய். எங்கள் மண்ணில் புதிதாகத் தோண்டித் திருடியது, இப்போது சவரிராயன் வீட்டில் இருக்கிறது என்றார்கள். போலீஸ் வந்து ஜாடியை எடுத்துப் போனது.

சவரிராயன் பதறவில்லை. இது அசலே இல்லை என்றார். அசல் ஜாடியை என் தாத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், சொல்தா, அந்தக் காலத்திலேயே வாங்கி வந்தார், அது பாரிஸ் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, இது அதைப் பார்த்து என் வேலையாள் அமலோர் எனக்குத் தெரியாமல் செய்த கள்ளப் பானை என்றார். போலிக்கு ஏது நாடு, ஏது கல்லறை? நிபுணர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஜாடி போலி என்ற முத்திரையோடு சவரிராயன் வீட்டுக்கே திரும்பியது. அமலோர் சிறைக்குப் போனான்.

வெளியே வந்தவனை நம்பி ஊரில் ஒருவரும் ஒரு பூந்தொட்டியைக்கூட ஒட்டக் கொடுக்கவில்லை. மர்செலினுக்கு நிச்சயம் செய்திருந்த வீட்டார், கள்ளனின் தங்கச்சி வேண்டாமென்று நிச்சயத்தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "நான் எந்தப் பானையும் செய்யல மர்செல்" என்று மட்டும் ஒருநாள் சொன்னான் அமலோர். சில நாள் கழித்துக் கடலுக்குள் நடந்து போனான். மறுநாள் உடல் கரை ஒதுங்கியது.

இரண்டு ஜாடி கிடையாது என்பது மர்செலினுக்கு நன்றாகத் தெரியும். அண்ணனுக்கு ஒட்டத்தான் வரும். ஒரு அகல்விளக்கு செய்யச் சொன்னால்கூடக் கோணிக்கொண்டு நிற்கும். அசலைத்தான் போலி என்று சொல்லி அந்த மனிதர் தப்பினார், விலையாக அண்ணனைக் கொடுத்தார். அவரைக் கொல்ல வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் செத்துப்போனால் பெரிய மனுஷனாகவே செத்துப்போவார், இரங்கல் கூட்டம் போடுவார்கள். அவர் உயிரோடு இருக்கும்போது, ஊர் பார்க்க, அவர் நீட்டிய நாக்கே அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். லாசுப்பேட்டை ஆய்வுக்கூடத்தில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து உருவாக்கிய, பானை எதனால் நனைந்தது என்று படித்துச் சொல்லும் நனைமானிக்குப் பின்னால் இருந்தது இந்த ஆசைதான். அறிவியல் வளர்ச்சி என்று விருது கொடுத்தவர்களிடம் அவள் இதைச் சொல்லவில்லை.

காலமும் அவளுக்கு வசதியாகத் திரும்பியது. பழம்பொருள் மீட்புக்காகப் பல நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. நனைமானி வாசிப்பு இல்லாமல் எந்த அருங்காட்சியகமும் இனி ஒரு ஓட்டாஞ்சில்லைக்கூட ஏற்கக் கூடாது என்று ஆயிற்று. சவரிராயனோ பாரிசில் ஓர் அருங்காட்சியகத்துக்குத் தன் ஜாடி ஒன்றைக் கொடுத்து, அங்கே தன் பெயரில் ஒரு கூடம் திறக்க ஏற்பாடு செய்திருந்தார். அந்த ஜாடி, ஒரு கண் மூடிப்போன அதே ஒற்றைக்கண்ணன். தாத்தாவின் அசல் என்று பாரிசிலிருந்து ஒரு பெட்டி வந்திறங்கியதாகப் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிக் காட்டினார். அன்றைக்குப் போலியான ஜாடி இன்றைக்கு அசலாகிவிட்டது. மர்செலின் அந்தப் படத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

இதே மானி பெங்களூரிலும் இருந்தது. அங்கே போகாமல் சவரிராயன் இவளிடமே வந்தார். வேலைக்காரன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூடக் கேட்டறியாத மனிதர், தானாகவே வந்து விழுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

*

வாசிப்பின்போது, ஜாடிக்கு உரிமை கோரும் நாட்டின் ஆள் கூட இருக்க வேண்டும் என்பது விதி. பெருவிலிருந்து வந்தவள் பெயர் எல்வா யோந்தோப். முப்பதைத் தாண்டிய, குட்டையான, வெயிலில் காய்ந்த பெண். அவள் ஸ்பானிய மொழியில் பேசுவதைக் கழுத்தில் தொங்கிய சின்னக் கருவி தமிழாக்கிச் சொன்னது. அது பேசிய தமிழ் பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிப்பது போலிருந்தது.

"இந்த இயந்திரம் என்ன செய்கிறது என்று எனக்கு விளக்குவீர்களா?" என்றாள் எல்வா.

"சுட்ட மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க நிறைய இருக்கு" என்றாள் மர்செலின். "ஒவ்வொரு தடவை நனையும்போதும் அந்த ஈரம் உள்ள போய் ஒரு படிவா தங்கிடும். முதல்ல நனைஞ்சது அடியில, கடைசியா நனைஞ்சது மேல. இது அந்த வரிசையப் படிக்கும்."

"எதனால் நனைந்தது என்பதையும் கூறுமா?"

"சோளத்துல காய்ச்சுன மதுவா, கல்லறை மண்ணோட ஈரமா, வேர்வையா, எச்சிலான்னு சொல்லும். ஆனா வெறும் தண்ணிக்கு வயசு கிடையாது. மண் ஈரம் எந்த வருஷம் காய்ஞ்சுதுன்னு அத வச்சுச் சொல்ல முடியாது. மனுஷ உடம்புலேருந்து வந்த ஈரத்துக்குத்தான் வயசு தெரியும். யாரோடது, எந்த வருஷம்னு ரெண்டும் சொல்லிடும்."

சவரிராயன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். எழுபதைத் தொட்டவர், வெள்ளை லினன் சட்டை, பட்டுக் கழுத்துக்குட்டை. "அப்ப என் நாக்கு மாட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க மதாம். நான்தான் ஊரறிய நக்கினவனாச்சே. தாத்தா ஜாடிய பேரன் நக்குனா குத்தமா?"

"குத்தமில்ல முசே. எப்ப நக்கினீங்கங்கறதுதான் விஷயம். ஜாடி குழியிலேருந்து வந்து மண் ஈரம் காயறதுக்குள்ள எச்சில் பட்டிருந்தா ரெண்டும் ஒண்ணாக் கலந்து கிடக்கும். தாத்தா காலத்துலயே காய்ஞ்ச ஜாடின்னா, உங்க எச்சில் தனியா மேல உக்காந்திருக்கும்."

"நடுவுல ஊர்க் காத்து ஈரம், உப்பு எல்லாம் இருக்குமே?" என்று சவரிராயனே கேட்டார்.

"இருக்கணும்."

"இருக்காது. பாரிஸ் வீட்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள காத்தே இல்லாம இருந்துது." அவர் மறுபடி சிரித்தார். பாடத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

ஜாடியின் அடிப்பக்கத்திலிருந்து மிளகளவு துணுக்கு ஒன்றை எடுத்து மானிக்குள் வைத்தாள் மர்செலின். வாசிப்பு முடிய மறுநாள் ஆகும். சவரிராயன் காரில் ஏறிப் போனார். எல்வா மட்டும் போகாமல், மேசைமேல் இருந்த ஒற்றைக்கண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிவப்பும் வெளிர் மஞ்சளும் பூசிய முகம். மூடிய கண்ணின் மேல் இமை உள்ளே இழுத்துக் கிடந்தது. திறந்த கண்ணில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தது.

மர்செலின் கேண்டீனிலிருந்து இரண்டு தேநீர் வாங்கி வந்தாள்.

"இவரை நான் முன்பே சந்தித்திருக்கிறேன்" என்றது எல்வாவின் கழுத்துக் கருவி.

"படத்துலயா?"

"இல்லை. அவருடைய மண்டை ஓட்டை. திருடர்கள் வந்து போன மறுநாள் காலையில் என் தாயாருடன் நான் எங்கள் ஊர்க் கல்லறை மேட்டுக்குச் சென்றேன். அப்போது பள்ளி மாணவி. குழியைச் சுற்றி எலும்புகள் இறைந்து கிடந்தன. அவர்களுக்குப் பானைகள் மட்டுமே தேவை. நாங்கள் கோணிப்பையில் பொறுக்கினோம். எந்தக் கை எந்த உடலுக்கு உரியது என்று தெரியவில்லை. ஒரு மண்டை ஓட்டில் ஒரு கண்குழி சிதைந்து மூடியிருந்தது. இந்த ஜாடியின் படத்தைப் பிற்காலத்தில் பார்த்தபோதுதான் அவர் யார் என்று அறிந்தேன்."

கருவி இதையெல்லாம் வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னது. எல்வாவின் சொந்தக் குரல் அதற்கு அடியில் கரகரத்தது.

"யார் செஞ்சாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டாள் மர்செலின்.

"தோண்டியவர்கள் எங்கள் ஊர்ப் பக்கத்து ஏழைகள். அவர்களைப் பிடித்தார்கள். அவர்களுடன் ஒரு வெளிநாட்டான் இருந்தான் என்று சொன்னார்கள். எது அசல், எது வேண்டும் என்று அவன்தான் தேர்ந்தெடுத்தானாம். அவனை நான் கண்டுபிடிக்க விரும்புகிறேன். நான் நல்ல பெண் அல்ல. அவனை மன்னிக்க நான் வரவில்லை."

மர்செலினுக்கு அவளை உடனே பிடித்துப்போனது. தன்னைப் போலவே ஒருத்தி என்று நினைத்தாள். "கவலப்படாதீங்க. வாசிப்பு முடிஞ்சதும் அவன் பேரச் சொல்றேன்" என்றாள். சவரிராயன் பெயரை மனதில் வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

*

மறுநாள் காலையில் வாசிப்பு திரையில் வந்து நின்றது.

அடியில் சோள மது. பிறகு நீண்ட, தடித்த படிவாகக் கல்லறை மண்ணின் ஈரம். அதற்கு மேல் ஒரு வெற்றிடம், 'சிதைந்த படிவு' என்ற குறிப்போடு. அதற்கும் மேல் சவரிராயனின் எச்சில், ஆண்டோடு. ஆனால் அது மண்ணோடு கலக்காமல், காய்ந்த தரையில் துப்பியது போலத் தனியாக உட்கார்ந்திருந்தது.

இந்த வாசிப்பை வைத்து அவரை ஒன்றும் செய்ய முடியாது. தாத்தாவின் ஜாடி, காய்ந்த ஜாடி, பேரன் நக்கினான், அவ்வளவுதான். சிதைந்த அந்த ஒரு படிவுக்குள்தான் மண் ஈரம் முடிந்த நேரம் இருக்கிறது, அது கையில் சிக்கவில்லை.

ஆனால் மற்ற எல்லாப் படிவும் ஒழுங்காக இருக்க, இந்த ஒன்று மட்டும் எப்படிச் சிதையும்? யோசித்தபோது அவளுக்கு வடிகட்டி நினைவுக்கு வந்தது. மானியை இயக்குகிறவர் தும்மினாலோ பேசினாலோ அவருடைய எச்சில் துணுக்கில் பட்டு வாசிப்பைக் கெடுக்கும். அதனால் இயக்குகிறவரின் உடற்கூறை மானி முதலில் தெரிந்துகொண்டு, அவருடைய சாயல் உள்ள எதையும் அழுக்கென்று துடைத்துவிடும். அந்த ஏற்பாட்டைச் செய்தவளே மர்செலின்தான். நேற்று தும்மினேனா என்று யோசித்தாள். தும்மியிருந்தாலும் அது மேலேதான் படும், மண் ஈரத்துக்குள் எப்படிப் போகும்?

வடிகட்டியை நீக்கிவிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

வெற்றிடம் நிரம்பியது. எச்சில். மண் ஈரத்தோடு ஒன்றாகக் கலந்த எச்சில். ஆண். அதற்கடுத்த வரியில், 'இயக்குபவரின் உடன்பிறந்தவர்' என்றிருந்தது. ஆண்டும் இருந்தது. அமலோர் பழுது பார்க்கும் பயிற்சிக்கென்று பாரிசுக்குப் போய்வந்த ஆண்டு.

அவளுக்கு ஒரே ஒரு அண்ணன்தான்.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. சவரிராயன் தனியாக வந்திருந்தார். அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சொல்லாமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வடிகட்டிய எடுத்துட்டீங்க போல."

மர்செலின் திரையை அவருக்குத் தெரியாதபடி திருப்பினாள்.

"அமலோர் தங்கச்சி இல்லியா நீ. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? ஒரு ஜாடி வாங்குனாலே எந்த வீட்லேருந்து வருதுன்னு விசாரிக்கறவன் நான்." மதாம் போய் 'நீ' வந்துவிட்டது. "பெங்களூர்ல இதே மிஷின் இருக்கு. அங்க போயிருந்தா அவன் எச்சில் பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும். உன் மிஷின்தான் உன் குடும்பத்தையே அழுக்குன்னு தொடைச்சிடுமே. அதான் தேடிக்கிட்டு உங்கிட்ட வந்தேன்."

"அண்ணன் பெருவுக்குப் போனதே இல்ல" என்றாள்.

"பாரிசுன்னு சொல்லிட்டுப் போனான். டிக்கெட் எடுத்துக் குடுத்தவன் நான். குழி கெணறு மாதிரி ஆழமாம். கயித்தப் புடிச்சி உள்ள எறங்கி, ஜாடி கைக்கு வந்த உடனே அங்கயே நக்கிப் பாத்திருக்கான். எங்கிட்ட கத்துக்கிட்ட வேலைதான். மேல வந்து போன் போட்டு, 'அசல் முசே, இன்னும் ஈரமா இருக்கு'ன்னான். அவன் குரல்ல அவ்ளோ சந்தோஷத்த நான் கேட்டதே இல்ல."

"அப்புறம் ஏன் அவன் தலையில பழியப் போட்டீங்க?"

"நானா போட்டேன்?" சவரிராயன் முன்னால் குனிந்தார். "போலீஸ் வந்தப்ப ரெண்டே வழிதான் இருந்துது. அவன் கல்லறை தோண்டுனவன், இல்லன்னா கள்ளப் பானை செஞ்சவன். போலின்னே சொல்லிடுங்கன்னு அவன்தாம்மா கேட்டான். 'நான் பொணக்குழியில எறங்குனது எந்தங்கச்சிக்குத் தெரிய வேணாம் முசே'ன்னான். எனக்கும் அது வசதியா இருந்துது, இல்லேங்கல."

இது பொய்யாக இருக்கலாம். இந்த மனிதரின் வாயிலிருந்து உண்மை வந்து அவள் கேட்டதில்லை. ஆனால் அண்ணன் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அவள் காதில் வேறு மாதிரி ஒலிக்கத் தொடங்கியது. பானை செய்யவில்லை என்றான். வேறு எதையும் செய்யவில்லை என்று அவன் சொல்லவே இல்லை.

"நாளைக்கு மொத ரிப்போர்ட்ட அப்படியே படிச்சிடு" என்றார் சவரிராயன். இப்போது அவர் குரலில் தேன் வடிந்தது. "சிதைஞ்ச படிவு, முடிவு தெரியல, அவ்ளோதான். அன்னிக்கு அமலோரத் தப்பா நெனச்சிட்டேன், அவன் எந்தப் போலியும் செய்யலன்னு நானே பத்திரிகைக்காரங்கள கூப்ட்டு சொல்றேன். மாதா கோயில்ல அவன் பேர்ல ஒரு பூசை வைக்கறேன். இத்தன வருஷமா நீ கேட்டது இதானே? அவனுக்கு நல்ல பேரு, எனக்கு ஒரு கூடம். யாருக்கும்மா நஷ்டம்?"

அவர் போன பிறகு மர்செலின் அழுதாள். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். சவரிராயன் மேல் பழைய ஆத்திரம் அப்படியே இருந்தது. அதன் மேல், அதைவிடச் சூடாக, அண்ணன் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தது. பாவி, என்னிடம் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், அடித்திருப்பேன், அப்புறம் சோறு போட்டிருப்பேன். என்னை உத்தமி என்று நினைத்துக்கொண்டு நீ கடலுக்குள் போனாய். நான் உன்னை உத்தமன் என்று நினைத்துக்கொண்டு கல்யாணம் காட்சி இல்லாமல் இந்த இரும்புப் பெட்டியோடு குடித்தனம் நடத்தினேன்.

சவரிராயன் கணக்கில் தப்பே இல்லை. அவள் வாயைத் திறக்காமலிருந்தால் அண்ணனுக்கு ஊர் மன்னிப்புக் கேட்கும். திறந்தால், எந்தப் பெயருக்குப் பயந்து அவன் செத்தானோ அந்தப் பெயரைத் தங்கச்சியே அவன் நெற்றியில் ஒட்டியாக வேண்டும். அவன் எச்சிலைக் காட்டாமல் ஜாடி புதிதாகத் தோண்டியது என்று நிரூபிக்க முடியாது. அவரை இழுத்தால் அவனும் சேர்ந்து வருவான்.

யாருக்கு நஷ்டம் என்று அவர் கேட்டது மட்டும் அவளை விடவில்லை. கோணிப்பையை முதுகில் சுமந்துகொண்டு மேட்டிலிருந்து இறங்கும் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தாள். அந்தப் பெண் தேடுகிற வெளிநாட்டானின் பெயரைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள் மர்செலின்.

*

அடுத்த நாள் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்தத்தின் சார்பில் ஓர் அதிகாரி, எல்வா, சவரிராயன், அவருடைய வக்கீல். மேசை நடுவில் ஒற்றைக்கண்ணன். மர்செலின் எழுந்து நின்று வாசித்தாள். சோள மதுவைச் சொன்னாள். கல்லறை ஈரத்தைச் சொன்னாள். சவரிராயன் கழுத்துக்குட்டையைச் சரிசெய்துகொண்டு கூரையைப் பார்த்தார்.

"அதுக்கு மேல, மண் ஈரம் காயறதுக்கு முன்னாடியே அதோட கலந்த எச்சில் ஒண்ணு இருக்கு" என்றாள். "ஆம்பளையோடது. பேர் அமலோற்பவநாதன். இந்த முசேகிட்ட சம்பளத்துல இருந்தவரு. முசேவோட தாத்தா பட்டாளத்துல இருந்தப்ப இந்த அமலோற்பவநாதன் பொறக்கவே இல்ல. அதனால ஜாடி தாத்தாவோடது இல்ல, போலியும் இல்ல. இவரு நக்குன அன்னிக்கு அது குழிக்குள்ள இருந்துது."

சவரிராயன் கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் மர்செலின் அத்தனை ஆண்டு காத்திருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஈரமில்லாத நாக்கு உள்ளே அசைந்தது.

வக்கீல் எழுந்தார். "இந்த அம்மா அமலோற்பவநாதனோட சொந்தத் தங்கச்சி! என் கட்சிக்காரர் மேல பகை. இந்த வாசிப்பு செல்லாது."

"சொந்த அண்ணனக் கல்லறைத் திருடன்னு எவளாவது பொய் சொல்லுவாளா சார்?" என்றாள் மர்செலின். "சந்தேகமா இருந்தா மிச்சத் துணுக்கு இருக்கு. பெங்களூருக்கு அனுப்புங்க. அங்க வேல செய்யறவங்க யாரும் எனக்குச் சொந்தம் இல்ல. யாரையும் தொடைக்காது."

வக்கீல் சவரிராயனைப் பார்த்தார். சவரிராயன் வக்கீலைப் பார்க்கவில்லை. "அவன் ஒனக்காகத்தான் செத்தான்" என்றார் மர்செலினிடம், பல்லுக்கிடையில். "இப்ப நீயே அவன ரெண்டாவது தடவ சாகடிக்கற."

"சாகட்டும்" என்றாள் அவள். "இந்தத் தடவ அவன் தனியாப் போகல. நீங்களும் கூடப் போறீங்க."

எல்வா கழுத்துக் கருவியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது கடைசி வார்த்தை வரைக்கும் மொழிபெயர்த்து முடித்தது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பெங்களூர் மானியும் அதையே சொன்னது. சவரிராயனின் மற்ற ஜாடிகளையும் அங்கே கொண்டுபோனார்கள். பெரும்பாலானவற்றில் மண் ஈரத்தோடு கலந்து அவருடைய நாக்கே கிடந்தது. எத்தனை குழியின் ஓரத்தில் அவரே நின்றிருக்கிறார் என்பது தெரிய வந்தது. பாரிஸ் அருங்காட்சியகம் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்பது போல ஓர் அறிக்கை விட்டது. கைது செய்து வேனில் ஏற்றியபோது கழுத்துக்குட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பத்திரிகையில் வந்த படத்தில் கொக்குக் கழுத்தோடு யாரோ ஒரு கிழவர் போல இருந்தார். மர்செலின் அந்தப் படத்தை நிதானமாக, வயிறு குளிரப் பார்த்தாள். அதைச் சொல்வதில் அவளுக்கு வெட்கமில்லை.

அதே பக்கத்தில் பக்கத்துக் கட்டத்தில் அமலோரின் படமும் இருந்தது. பழைய அடையாள அட்டைப் படம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, "பானை செஞ்சான்னு நெனச்சோம், கடைசியில பொணத்துகிட்டயே திருடியிருக்கான்" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது அவளுக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்து, "ஆமா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

ஊருக்குத் திரும்புகிற அன்று காலையில் எல்வா வந்து அவள் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"உங்கள் அண்ணன் புதைக்கப்பட்ட இடத்தை நான் பார்க்க வேண்டும்" என்றது கருவி.

எதற்கு என்ற கேள்வி மர்செலினுக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லையென்று தோன்றியது. காறித் துப்ப வேண்டுமானால் துப்பட்டும் என்று ஆட்டோ பிடித்து உப்பளத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள்.

மேற்குச் சுவரோரம், இரண்டு வேப்பமரத்துக்கு நடுவில் இருந்தது அமலோரின் கல்லறை. சிமெண்டு மேடை, பெயர், ஒரு சிலுவை. எல்வா அதைச் சுற்றி மெதுவாக நடந்தாள். குனிந்து சிமெண்டு மேடையின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தாள். நாலு பக்கமும் தடவினாள். துப்பவும் இல்லை, சிலுவை போட்டுக்கொள்ளவும் இல்லை. மர்செலின் வெயிலிலேயே நின்றிருந்தாள்.

"இதை யாரும் தோண்டியதில்லையே?" என்றாள் எல்வா.

"இல்ல."

"புதைத்தபடியே அவர் உள்ளே இருக்கிறாரா?"

"இருக்காரு."

எல்வா தலையசைத்தாள். கையில் ஒட்டிய மண்ணைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"எங்களுடையவருக்கும் இப்படி ஓர் இடம் இருந்தது" என்றாள்.